ஆழ்கடல் விலாங்கு: வாயும் வயிறும்

விலாங்கு என்ற சொல்லைத் தமிழர்களில் பலர் மீனாக அறிவதற்கு முன்னர் பழமொழியாகவே அறிந்திருப்பர். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டித் தப்பித்துக்கொள்ளும் பிராணி அது என்பார்கள். இரு தரப்பாருக்கும் இரு முகம் காட்டுபவனை விலாங்கு என்று சொல்வது எமது ஊர்ப் பேச்சு. பத்திரிகைத் துறையில் நான் கழித்த பல பத்தாண்டுகளில் இந்தச் சொல் அரசியல் பத்திகளில் எத்தனை தடவைகள் அச்சேறியது என்பதற்குக் கணக்கில்லை. கட்சி மாறியவர், மாற எண்ணியவர், மாறிவிட்டு மாறவில்லை என்று அறிக்கை விட்டவர் அனைவரும் எங்கள் பக்கங்களில் விலாங்குகளாகவே நீந்தினர். அவர்களில் பலர் மறுப்பறிக்கை அனுப்பினார்கள். அந்த மீனுக்கு மட்டும் அந்த வசதி இருக்கவில்லை.

இன்று நான் எழுத எண்ணியது விலாங்கின் தூரத்து உறவினம் ஒன்றைப் பற்றி. சூரிய ஒளி எட்டாத ஆழ்கடலில் வாழும் அதன் விஞ்ஞானப் பெயர் யூரிபாரிங்ஸ் பெலிக்கனொய்டெஸ். 'கூழைக்கடாவை ஒத்த அகன்ற தொண்டையுடையது' என்பது அப்பெயரின் பொருள். கூழைக்கடாவை எமது நாட்டின் குளங்களில் கண்டவர்கள் உண்டு. அலகின் கீழே தொங்கும் பையில் நீரையும் மீனையும் சேர்த்து அள்ளி, நீரை வடியவிட்டு மீனை விழுங்கும் பெரும் பறவை அது. அந்தப் பையை ஒரு மீனின் கீழ்த்தாடையில் பொருத்தி, அந்த மீனுக்குச் சாட்டையைப் போன்ற நீண்ட வாலையும் வைத்து, உடல் முழுவதற்கும் கரியைப் பூசினால் கிடைக்கும் உருவந்தான் இது. தமிழில் இதனைக் கூழைக்கடா விலாங்கு என்று அழைப்பதில் தவறிருக்காது.

இதன் உடலமைப்பை முதலில் பார்ப்போம். வளர்ந்த மீனின் நீளம் ஏறத்தாழ முக்கால் மீற்றர். அந்த நீளத்தில் பெரும் பகுதி வால். தலையில் பெரும் பகுதி வாய். மண்டையோடு மிகச் சிறியது. தாடைகளோ அந்த மண்டையோட்டைவிடப் பல மடங்கு நீளமானவை. தாடைகள் விரிந்ததும் அவற்றுக்கிடையே உள்ள தளர்ந்த தோல் குடையைப் போல விரிந்துகொள்கின்றது. கண்கள் குண்டூசித் தலையளவில் மூக்கு நுனியருகே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செதில்கள் இல்லை. வயிற்றுப் புறத் துடுப்புகள் இல்லை. விலா எலும்புகள் இல்லை. பெரும்பாலான மீன்களை நீரில் மிதக்கச் செய்யும் காற்றுப்பையும் இல்லை. மற்ற மீன்களில் செவுள்களை மூடிக் காக்கும் எலும்புத் தகடுகளும் இல்லை. ஒரு மீனை மீன் என்று அடையாளம் காண்பதற்கு நாம் தேடும் உறுப்புகளில் பாதியை இது கைவிட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கைவிட்டதற்குக் காரணம் இருக்கின்றது. இது பெரும்பாலும் 500 மீற்றர் முதல் 3000 மீற்றர் வரையான ஆழத்தில், வெப்ப, மிதவெப்பக் கடல்கள் அனைத்திலும் வாழ்கின்றது. கடலின் அடித்தளத்தில் தங்கி வாழ்வதன்று. மேலும் கீழும் பிடிமானம் எதுவுமில்லாத நடுநீரில் மிதப்பது. 1000 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி சிறிதளவும் எட்டுவதில்லை. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் நாம் வாழும் நிலப்பரப்பில் இருப்பதைவிடச் சுமார் நூறு மடங்கு. உணவோ மிகவும் அரிது. அங்கே தடித்த எலும்பும் வலிய தசையும் வளர்ப்பது வீண் செலவு. ஏழைக் குடும்பம் தேவையற்ற பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு அடுப்பையும் பானையையும் மட்டும் வைத்துக்கொள்வதைப் போல, இந்த மீன் தன் உடலில் வாயையும் வயிற்றையும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் குறைத்துக்கொண்டது.

வாலின் நுனியில் மட்டும் ஓர் ஆடம்பரம் மிஞ்சியிருக்கின்றது. அங்கே ஒளி உமிழும் உறுப்பொன்று உண்டு. இரையை வாயருகே அழைக்கும் தூண்டிலாக அது பயன்படலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எமது பழமொழி விலாங்கு வாலைக் காட்டுவது தப்பிப்பதற்காக. இந்த விலாங்கு வாலைக் காட்டுவது பிழைப்பதற்காக இருக்கக்கூடும்.

இது விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகமானது 1882 ஆம் ஆண்டில். பிரெஞ்சு அரசின் 'திராவையர்' என்ற கப்பல் அக்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஆழ்கடல் ஆய்வுகளை நடத்தியது. மொரோக்கோக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 2300 மீற்றர் ஆழத்தில் இருந்து அதன் வலை மேலே கொண்டுவந்த இந்த மீனைப் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லியோன் வையான் விவரித்துப் பெயரிட்டார். அடுத்த ஆண்டு, 1883 இல், அமெரிக்கர்களான தியடோர் கில்லும் ஜோன் ரைடரும் தங்கள் நாட்டு ஆய்வுக் கப்பலுக்குக் கிடைத்த மீன்களை வேறோர் இனம் என எண்ணி 'வயிறே வாயானது' என்ற கருத்துடைய இன்னொரு பெயரைச் சூட்டினர். இரண்டும் ஒரே மீன்தான் என்பது பின்னர் உறுதியாயிற்று. இன்றும் இந்தக் குடும்பத்தில் அறியப்பட்டிருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே.

இதனை மீன்களின் எந்த வரிசையில் வைப்பது என்பதிலும் பெரும் குழப்பம் இருந்தது. கில்லும் ரைடரும் இதற்கெனப் புதிய வரிசையொன்றையே உருவாக்கினர். பெயரிட்டவர்கள் அனைவருமே முதலில் பார்த்தது வாயை. தொண்டை அகன்றது, வயிறே வாயானது, கூழைக்கடா போன்றது என்று ஒவ்வொரு பெயரும் வாயையே சுட்டுகின்றது. இத்தகைய வாயைக் கண்டவர்கள், தன்னைவிடப் பெரிய மீன்களை விழுங்கும் பூதமாக இது இருக்க வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை. பொதுசன நூல்களிலும் சஞ்சிகைகளிலும் இது 'விழுங்கி' என்ற பட்டத்துடன் உலா வந்தது.

உண்மையை அறிவதற்கு ஒரே வழிதான் இருந்தது. வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். உலகெங்குமிருந்து சேகரிக்கப்பட்ட மீன்களை வைத்து டென்மார்க் ஆய்வாளர்களான நீல்சன், பேர்த்தெல்சன், யெஸ்பர்சன் ஆகியோர் இந்த மீனின் வாழ்வியலை விரிவாக ஆராய்ந்து 1989 இல் வெளியிட்டார்கள். வயிறுகளில் காணப்பட்டவற்றில் பெரும்பாலானவை இறாலினத்தைச் சேர்ந்த சிறிய உயிரினங்கள். சில சமயங்களில் சிறு மீன்களும் கணவாய்களும். பற்களைப் பார்த்தாலும் இதே கதைதான். பெரிய இரையைக் கவ்விப் பிடிக்கும் கோரைப் பற்கள் இதற்கில்லை. அரம் போன்ற நுண்ணிய பற்களே உள்ளன. பெரிய மீன்களை உண்பது இதன் உறவினமான சாக்கோபாரிங்ஸ் என்ற வேறொரு விலாங்கு. உறவினரின் புகழ் இதன் மேலும் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் இவ்வளவு பெரிய வாய் எதற்கு? இரை அரிதான இருளில் துரத்திப் பிடிப்பது கட்டுப்படியாகாது. வாயைத் திடீரென விரித்து, முன்னே இருக்கும் நீர் முழுவதையும் உள்வாங்கி, பின்னர் தாடைகளை மூடிச் செவுள் துளைகளின் வழியே நீரை மெல்ல வெளியேற்றினால், அந்த நீரிலிருந்த சிறியவை உள்ளே எஞ்சும். குறிபார்த்து எறியும் ஈட்டியன்று இந்த வாய், கரைவலை. வலை பெரிதாக இருப்பதால் சூடை மீன் சுறாவாகிவிடுவதில்லை.

2018 செப்ரெம்பரில் ஹவாய்க்கு அருகேயுள்ள பாப்பஹானவுமொக்குவாக்கெயா கடற் காப்பகத்தில் 'நோட்டிலஸ்' என்ற ஆய்வுக் கப்பலின் இயந்திரக் கமெரா இந்த மீனை உயிருடன் படம் பிடித்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அந்தக் காட்சியைப் பார்த்தனர். கறுப்பு பலூன் ஒன்று மிதந்து வருவதைப் போல வாயை ஊதிப் பெருக்கிய மீன், ஒளியில் சிறிது நேரம் தடுமாறி, பின்னர் நீரை வெளியேற்றி ஒடுங்கி, மெல்லிய விலாங்காக நீந்திச் செல்வதைக் காணலாம். பயங்கரம் என்று அதைப் பார்த்து எவரும் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சிரிக்கும் ஒலியும் அதில் பதிவாகியிருக்கின்றது. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பூதமாகச் சித்திரிக்கப்பட்ட பிராணி, தன் சொந்த இடத்தில் தானாக இருந்தபோது வேடிக்கையான ஒரு குழந்தையைப் போலத் தெரிந்தது.

பத்திரிகைக்காரனுக்கும் ஆழ்கடல் விலாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் 2005 ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி, பௌர்ணமி நாளான ஞாயிற்றுக்கிழமை, இலங்கைக் கரையோரங்களை ஆழிப்பேரலை தாக்கியது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக இந்தத் தீவு இழந்தோர் தொகை 35,000 ஐ எட்டியது. அந்தத் துயரத்தை இங்கு மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அதன் பின்னர் வந்த வாரங்களில் நிகழ்ந்த இன்னொன்றையே குறிப்பிட விரும்புகின்றேன். நாட்டு மக்கள் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். கடல் கொண்டுபோன உடல்களை மீன்கள் உண்டிருக்கும் என்ற அருவருப்பும் அச்சமும் அதற்குக் காரணம். மீன் உண்பதால் ஆபத்தில்லை என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தும் பலர் நம்பவில்லை. வள்ளத்தையும் வலையையும் இழந்தவர்கள் ஒரு புறம். எஞ்சிய வள்ளத்தில் துணிந்து கடலுக்குப் போய், கொண்டுவந்த மீனை விற்க முடியாது நின்றவர்கள் மறுபுறம்.

அந்த நாட்களில்தான் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. ஊசிப் பற்களும் பிதுங்கிய கண்களும் கொண்ட விநோத மீன்களின் படங்கள் பல அதில் இருந்தன. ஆழ்கடலின் அடியிலிருந்து சுனாமி அலை கரையில் கொண்டுவந்து எறிந்த பிராணிகள் இவை என்று தலைப்பு. நான் பணியாற்றிய ஆசிரியபீடத்துக்கும் அது வந்தது. இளைஞரான உதவி ஆசிரியர் ஒருவர் அவற்றை வர்ணத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, இதைக் கடைசிப் பக்கத்தில கலரில போட்டால் நாளைக்கு ஒரு பேப்பரும் மிஞ்சாது" என்றார்.

"தம்பி, இந்தப் படங்களை ஆர் எடுத்தது? எந்தக் கரையில எடுத்தது?" என்று கேட்டேன்.

"அது தெரியாது அண்ணை. ஆனால் எல்லாருக்கும் வந்திருக்கு."

எல்லாருக்கும் வந்திருக்கின்றது என்பதே அதற்குரிய ஆதாரம். இன்று கைத்தொலைபேசியில் எதை அனுப்பினாலும் இதே பதில்தான் கிடைக்கின்றது. அன்று மின்னஞ்சலாக இருந்தது, அவ்வளவே.

அந்தத் தாள்களை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் அலை எறிந்த மீனென்றால் மணல் ஒட்டியிருக்க வேண்டும். கல்லோ சருகோ அருகே கிடக்க வேண்டும். இந்த மீன்களோ குளித்து முடித்துப் படம் எடுக்க வந்தவைபோல் சுத்தமாக இருந்தன. பின்னணி ஒற்றை நிறம். பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் விவரித்தேன். ஆய்வுக் கப்பலில் முறைப்படி எடுக்கப்பட்ட படங்களாக இருக்க வேண்டும் என்றும், ஆழ்கடல் மீன்களை அலை கரைசேர்ப்பது நடவாத காரியம் என்றும் அவர் சொன்னார். வடமராட்சியில் இருந்த எமது செய்தியாளர், அப்பகுதிச் சம்மாட்டி ஒருவரிடம் இதைக் கூறி, அப்படி எதையாவது கரையில் கண்டீர்களா என்று கேட்டிருக்கின்றார். அந்த முதியவர் கூறிய பதிலைச் செய்தியாளர் எழுதி அனுப்பினார்: "ஐயா, கடல் எங்களை விட்டாலும் கதை எங்களை விடுதில்லை. சந்தையில அறக்குளாவை வாங்க ஆளில்லை. இதையும் போட்டால் சூடையும் விலைப்படாது."

படங்கள் வெளியாகவில்லை. அந்த இடத்தில் சுகாதார அதிகாரிகளின் விளக்கம் மூன்று பத்தியில் வந்தது. அதனால் பத்திரிகை கூடுதலாக விற்கவில்லை. இதை ஒரு வீரச் செயலாகக் கூறவில்லை. செய்தி ஆசிரியர் ஒருவர் தினந்தோறும் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் அன்று நாங்கள் கையில் வைத்திருந்தது விநோதப் படங்கள் மட்டுமல்ல, கரையோரக் குடும்பங்களின் அடுத்த நேர உலையும்தான் என்பதை அந்த முதியவர் ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டார்.

படங்களின் மூலமும் பின்னர் தெரியவந்தது. 2003 ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து விஞ்ஞானிகள் 'ரங்கரோவா' என்ற கப்பலில் தஸ்மான் கடலின் ஆழ்கடல் மேடுகளை ஆய்வு செய்தார்கள். நோர்ஃபான்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தப் பயணத்தில் எடுக்கப்பட்ட படங்களே சுனாமியின் பெயரில் உலா வந்தவை. அலை எழுவதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே, வேறொரு சமுத்திரத்தில் பிடிக்கப்பட்ட மீன்கள்.

அந்தத் தாள்களில் இருந்தவை எவை என்று அறிவதற்காக ஆழ்கடல் மீன்களைப் பற்றிய நூல்களைப் புரட்டத் தொடங்கியபோதுதான் கூழைக்கடா விலாங்கை முதன்முதலில் சந்தித்தேன். அந்தச் சந்திப்பு இன்றுவரை நீடிக்கின்றது. ஆழிப்பேரலையின்போது அந்த விலாங்கு என்ன உணர்ந்திருக்கும் என்ற கேள்வி அப்போதே என்னைப் பற்றிக்கொண்டது. இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும்.

சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை எமது கிழக்குக் கரையை அடைந்தது. 4000 மீற்றர் ஆழமுள்ள கடலில் அத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். அதே வேளையில் வங்காள விரிகுடாவின் மேலாகச் சென்ற 'ஜேசன்-1' செய்மதி, ஆழ்கடலில் அந்த அலையின் உயரத்தை அளந்தது. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். ஒரு சிறு பிள்ளையின் இடுப்பளவு. அலை விரைந்து செல்கின்றதே தவிர, நீர் அந்த வேகத்தில் செல்வதில்லை. நடுக்கடலில் நீர்த்துணிக்கை ஒன்று வினாடிக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே நகரும். சில பத்து நிமிடங்கள் ஒரு திசையில் சென்று, பின்னர் மறு திசையில் திரும்பும். ஆழம் குறைந்த கரையை அண்மிக்கும்போதே அலை வேகம் குறைந்து, உயர்ந்து, கொலைகாரனாகின்றது.

அதிர்வு மையத்துக்கு அண்மையில் கடற்படுக்கை குலுங்கியது வேறு விடயம். ஆனால் எமது தீவுக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட பெருங்கடலின் நடுநீரில் மிதந்துகொண்டிருந்த ஒரு விலாங்கு, நீரோடு சேர்ந்து சற்றே நகர்ந்து, நீரோடு சேர்ந்து திரும்பியிருக்கும். தாலாட்டு ஒன்றைவிட அதிகமாக எதையும் உணர்ந்திருக்க முடியாது. எமது வீடுகளையும் உறவுகளையும் கொண்டுபோன அலை, அதன் தலைக்கு மேலே சத்தமின்றிக் கடந்து சென்றது. அந்த உயிரினங்களைத்தான் அலையின் சாட்சிகளாகக் கரையில் நிறுத்தி மக்களை அச்சுறுத்தினார்கள். ஆழத்தில் இருந்தவை ஒன்றும் எம்மைத் தேடி வரவில்லை. ஆழமற்ற நீர்தான் எம்மைக் கொன்றது.

ஆழ்கடல் மீன்கள் மேலே கொண்டுவரப்பட்டதும் உருக்குலைந்து போகின்றன என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும். நோர்ஃபான்ஸ் பயணத்தில் பிடிபட்ட ஒரு மீன், சோகமான முகமும் தொங்கும் மூக்குமாக உலகப் புகழ் பெற்றது. குமிழ் மீன் என்று அழைக்கப்படும் அந்த வகையை 2013 இல் உலகின் மிக அவலட்சணமான பிராணியாக வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். தன் ஆழத்தில், தனக்குரிய அழுத்தத்தில் அது ஓர் இயல்பான மீன். ஊழிய வாழ்க்கையில் பல தடவைகள் இதே காட்சியை மனிதரிடத்திலும் கண்டிருக்கின்றேன். ஊரிலிருந்து பிடுங்கப்பட்டு முகாமில் விடப்பட்டவரின் படத்தை எடுத்து, அவருடைய முகமே அதுதான் என்று எழுதுபவர்கள் உண்டு.

விலாங்கினங்களைப் பொறுத்தவரையில் பத்திரிகைகளின் கற்பனை பழமையானது. 1930 இல் 'டானா' என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் தென்னாபிரிக்காவுக்கு அப்பால் 184 சென்ரிமீற்றர் நீளமான, விலாங்குக் குஞ்சை ஒத்த ஒரு குடம்பியைப் பிடித்தது. சாதாரண விலாங்கின் குடம்பி சில சென்ரிமீற்றர்தான். குஞ்சே ஆறடியானால் தாய் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், 30 மீற்றர் கடற்பாம்பு ஒன்று ஆழத்தில் ஒளிந்திருப்பதாக முடிவு கட்டினார்கள். 1970 இல் டேவிட் சிமித் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய பெருங்குடம்பிகள் விலாங்கினுடையவையல்ல, அதன் உறவினமான முள்முதுகு மீன்களுடையவை என்பதை விளக்கினார். அவை வளர்ந்து உருமாறும்போது நீளத்தில் பெரிதாக வளர்வதே இல்லை. கடற்பாம்பு அத்துடன் மறைந்தது.

கூழைக்கடா விலாங்கு விலாங்குதான் என்பதற்கும் குடம்பியே முதற்சாட்சி. விலாங்கினங்கள் அனைத்தும் கண்ணாடி இலையைப் போன்ற, ஒளி ஊடுருவும் தட்டையான குடம்பியாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன. பூதம் என்று சொல்லப்பட்ட இந்த மீனும் அவ்வாறே, ஒளியுள்ள மேல்நீரில், எழுத்தை மேலே வைத்தால் படிக்கக்கூடிய கண்ணாடித் துண்டாகப் பிறந்து வளர்கின்றது. பின்னரே கறுத்து, வாய் வளர்ந்து, ஆழத்துக்கு இறங்குகின்றது.

இரண்டாவது சாட்சி மரபணு. 2010 இல் யப்பானிய ஆய்வாளர் ஜுன் இனோவேயும் குழுவினரும் விலாங்குகளின் 19 குடும்பங்களையும் உள்ளடக்கி 56 இனங்களின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டார்கள். ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் விலாங்குகளுக்கு மிக நெருங்கிய உறவினர் யார் என்று பார்த்தபோது, கரையோரத்து விலாங்குகள் அந்த இடத்தில் இல்லை. ஆழ்கடல் நடுநீரில் வாழும் கூழைக்கடா விலாங்கும் அதன் கூட்டத்தாருமே அங்கே இருந்தனர். ஆற்று விலாங்கின் முன்னோர் ஆழ்கடலில் இருந்து வந்தவர்கள் என்பதே அந்த ஆய்வின் முடிவு.

இலங்கையின் ஆறுகளில் இரு வகை விலாங்குகள் உள்ளன. அவை ஆற்றில் முட்டையிடுவதில்லை. பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குச் சென்றுவிடுகின்றன. ஐரோப்பிய விலாங்குகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீந்தி அத்திலாந்திக்கின் சர்காசோ கடலில் இனம் பெருக்குகின்றன என்பதை யொஹானஸ் சிமித் 1922 இல் எடுத்துரைத்தார். யப்பானிய விலாங்கின் முட்டைகள் 2009 இல் மரியானாத் தீவுகளுக்கு மேற்கே ஆழ்கடலின் மேல் கண்டெடுக்கப்பட்டன. விலாங்கு ஏன் இவ்வளவு தொலைவு செல்கின்றது என்ற கேள்விக்கு 2010 ஆம் ஆண்டு ஆய்வு தரும் பதில் எளிமையானது. அது வேற்றிடம் செல்லவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்புகின்றது.

இந்த இடத்தை நான் வாசித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து இதனைப் படிக்கும் வாசகர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

கூழைக்கடா விலாங்கின் ஆண்மீன்கள் பருவமடையும்போது பெரும் மாற்றத்துக்கு உள்ளாகின்றன. பற்கள் மறைகின்றன. வாய் உண்பதற்குப் பயன்படாததாகச் சிதைகின்றது. அதற்கு மாறாக மூக்கின் மோப்ப உறுப்புகள் பெருத்து வளர்கின்றன. பெண்மீனை இருளில் மணத்தால் தேடிக் கண்டடைவதற்காகவே எஞ்சிய வலு முழுவதும் செலவாகின்றது. ஏனைய விலாங்குகளைப் போல, இனம் பெருக்கியபின் இவையும் இறந்துவிடுவதாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றார்கள். மூன்று பெயர்களால் வாயென்றே அழைக்கப்பட்ட பிராணி, தன் வாழ்வின் கடைசிக் கடமைக்கு அந்த வாயைத் துறந்துவிட்டுச் செல்கின்றது.

மனிதர்களை வைவதற்கு விலாங்கின் பெயரை இனிமேல் நான் பயன்படுத்துவதில்லை. வேறு சொற்கள் தமிழில் தாராளமாக இருக்கின்றன. பெரிய வாயுடைய எதையாவது படத்தில் காட்டி, இது உங்களை விழுங்க வருகின்றது என்று யாரேனும் அனுப்பினால் மட்டும், அதன் வயிற்றில் இருந்தது என்ன என்று கேட்டுப் பார்க்கின்றேன். பெரும்பாலான வேளைகளில் சில இறால்கள்தான் இருக்கின்றன.